யாருடைய ஏஜென்ட்?

"இந்தக் காலத்துல போய் யாராவது ட்ராவல்ஸ்ல புக் பண்ணுவாங்களா?" என் தலைமுறை தன் பெற்றோரிடம் சொல்லும் வாக்கியங்களில் எனக்கு ஆகவே பிடிக்காதது இது. அதற்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. நடுவில் ஆள் இருந்தால் விலை ஏறும். ஆள் இல்லையென்றால் அது ‘நேரடி’. நேரடி என்றால் நம் கையில் அதிகாரம் இருக்கிறது. மூன்றும் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. விமானம், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆனால் சொகுசுக் கப்பல் பயணத்தில், அதாவது க்ரூஸில், இந்த மூன்று தவறுகளும் அப்பட்டமாகத் தெரிகின்றன. அதனால் கப்பலை வைத்தே பேசுகிறேன்.

இலக்கியப் பத்திரிகையில் க்ரூஸ் டிக்கெட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாம் இங்கே அதிகாரம், மூலதனம், அந்நியமாதல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பிறகு போனை எடுத்து ஒரு கம்பெனியின் தளத்துக்குள் போய், அந்தக் கம்பெனி தன் விளம்பரத்துக்காகப் பிடித்துவைத்த ‘டைரக்ட்’ என்ற சொல்லை நம் சொந்தச் சொல்லாக எடுத்துக்கொண்டு வெளியே வருகிறோம். ஒரு சொல்லை நம் வாயில் யார் வைத்தார்கள் என்று கேட்பது வாசகனின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

பஸ் டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும்

சென்னையிலிருந்து மதுரைக்கு ஆன்லைனில் பஸ் டிக்கெட் எடுப்பதற்கு ஏஜென்ட் தேவையில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஏறுகிறோம், இறங்குகிறோம், பஸ் வராவிட்டால் இன்னொரு பஸ். அந்த வசதியைப் பார்த்துவிட்டு, உலகத்தில் எல்லா டிக்கெட்டும் அப்படித்தான் என்று முடிவுகட்டுவதில்தான் கோளாறு.

சென்னையிலிருந்து போகிற நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வழக்கமான திட்டத்தை எடுத்துக்கொள்வோம். விமானத்தில் சிங்கப்பூர். அங்கே மரினா பே துறையில் கப்பல். மூன்று அல்லது நான்கு இரவுகள், பினாங்கு அல்லது புக்கெட், மறுபடி சிங்கப்பூர். தளத்தில் பெரிய எழுத்தில் ஒரு விலை இருக்கும். அது ஒரு ஆளுக்கான விலை. அதுவும் ஒரே கேபினில் இரண்டு பேர் தங்கினால்தான். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் கிட்டத்தட்ட இரண்டு ஆளின் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். கணவனை இழந்த அத்தை ஒருவர் பிள்ளைகளின் குடும்பத்தோடு வர ஆசைப்பட்டால், அந்தப் பெரிய எழுத்து விலை அவருக்கானதே இல்லை.

அதற்குமேல் துறைமுகக் கட்டணம், வரி. அதற்குமேல் கப்பல் ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்ற பெயரில் தானாகவே சேர்க்கப்படும் ஒரு தொகை. அமெரிக்கக் கம்பெனிகளில் இது தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை வருகிறது. குழந்தைக்கும் சேர்த்துத்தான். பிறகு இணைய வசதி, குளிர்பானம், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது என எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பணம்.

பணம்கூடப் பரவாயில்லை. கப்பல் யாருக்காகவும் நிற்காது. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறுவது நின்றுவிடும். காலையில் இறங்கும் விமானத்தை நம்பி மதியக் கப்பலுக்குப் பதிவு செய்தால், விமானம் தாமதமாகும் நாளில் மொத்தப் பணமும் போய்விடும். "ஒரு நாள் முன்னாடியே போய் இறங்கிடுங்க சார், ஒரு ராத்திரி ஹோட்டல் செலவுதான்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தளம் அதைச் சொல்லாது. விமானம் அதனுடைய பிரச்சினை இல்லை.

அப்புறம் விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்தப் பயணத்தில் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறார். விமானத்திலிருந்து ஒரு முறை, கப்பலிலிருந்து இறங்கும்போது இன்னொரு முறை. ஒரே ஒரு நுழைவுக்கான விசா போதாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கப்பூரில் விண்ணப்பித்துத் தர ஆள் இல்லாத இந்தியர், அந்த விசாவை அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் வழியாகத்தான் வாங்க வேண்டும். ஏஜென்டை ஒழித்துவிட்டேன் என்று பெருமையாக ‘நேரடி’ கப்பல் டிக்கெட் வாங்கியவர், அடுத்த வாரமே இன்னொரு ஏஜென்டின் கடை வாசலில் வரிசையில் நிற்பார்.

நம்முடைய பெயர் விவகாரம் தனி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் நம் முன்னால் நிற்கிறது. பல தமிழர்களின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாகவே இருக்கிறது. தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. இனிஷியலைப் போடுவதா, அப்பா பெயரை விரித்து எழுதுவதா, தன் பெயரையே இரண்டு முறை எழுதுவதா? விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, கப்பல் சீட்டில் ஒரு மாதிரி ஆகிவிட்டால் துறைமுகத்தில் யார் பதில் சொல்வது? மண்ணடியில் இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவருக்கு இது அன்றாடம் பார்க்கிற சங்கதி. கம்பெனித் தளத்தை எழுதிய நிரலாளருக்கு இப்படி ஒரு இனம் இருப்பதே தெரியாது.

ஆக, ‘நேரடி’யாக புக் செய்யும்போது வேலை குறையவில்லை. ஏஜென்ட் செய்த வேலை அத்தனையும் நம் தலைக்கு மாறுகிறது. இரவு பதினொரு மணிக்கு லேப்டாப் முன் உட்கார்ந்து, கேபின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நடனக்கூடத்துக்கு நேர் மேலே இருக்கிற அறையா, நீச்சல்குளத்துக்குக் கீழே இருக்கிற அறையா என்று ஆராய்ந்து, ஓடிபி வந்து, போய், மறுபடி வந்து... இதற்கெல்லாம் யாரும் நமக்குச் சம்பளம் தரவில்லை. சுயசேவை என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டு ஒரு தொழிலாளியின் வேலையை வாடிக்கையாளரிடம் தள்ளுகிறார்கள். நாமும் அதை சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கமிஷன் எங்கே போகிறது?

"ஆனா விலை கம்மி ஆகுதே?" இதுதான் முதல் பதில்வாதம். ஆகவில்லை என்பதுதான் உண்மை.

கப்பல் கம்பெனிகள் ஏஜென்டுக்குத் தரும் கமிஷன் பொதுவாக அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதத்தில் தொடங்குகிறது. நிறைய விற்பவருக்கு 15, 16 வரை போகும். துறைமுகக் கட்டணம், வரி ஆகியவற்றுக்குக் கமிஷன் கிடையாது. டிக்கெட் விலைக்குள்ளேயே ஒரு பகுதியை ‘கமிஷன் இல்லாத கட்டணம்’ என்று தனியாக ஒதுக்கிவைக்கும் தந்திரமும் உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் தளத்தில் காட்டும் விலையையும் ஏஜென்டிடம் கிடைக்கும் விலையையும் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். விலைக்குள் கமிஷன் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. நீங்கள் ஏஜென்டிடம் போகாவிட்டால் அந்தத் தொகை உங்களுக்குத் திரும்பி வரவில்லை. கம்பெனியின் பைக்குள் போகிறது. ஏஜென்டின் வேலையை நீங்கள் செய்தீர்கள், ஏஜென்டின் கூலியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. இதில் எந்த இடத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்?

மாறாக, ஏஜென்டுகள் சில கப்பல்களில் மொத்தமாக அறைகளை முன்பதிவு செய்து வைத்திருப்பார்கள். தங்கள் கமிஷனில் ஒரு பகுதியைக் கப்பலில் செலவழிக்கும் பணமாகத் திருப்பித் தருபவர்களும் உண்டு. முழுப் பணம் கட்டுவதற்கு முன் விலை இறங்கினால், கேட்டுக் குறைத்து வாங்குபவர்களும் உண்டு. எல்லா ஏஜென்டும் இதைச் செய்வார்கள் என்று சொல்ல வரவில்லை. கம்பெனித் தளம் தானாக முன்வந்து "ஐயா, நேற்று விலை இறங்கிவிட்டது" என்று உங்களை எழுப்பாது என்று சொல்கிறேன்.

தளம் வெளிப்படையானது என்ற நம்பிக்கையும் நொண்டி. பெரிய கப்பல் கம்பெனிகள் அமெரிக்காவில் வரி, கட்டணங்களை மறைத்து அடிப்படை விலையை மட்டும் பெரிதாகக் காட்டுவதை எப்போது நிறுத்தின தெரியுமா? 2024 ஜூலை 1. அன்று கலிபோர்னியாவில் மறைமுகக் கட்டணங்களுக்கு எதிரான சட்டம் அமலுக்கு வந்தது. அதுவரை அந்தத் திரைக்குப் பின்னால் எந்த ஏஜென்டும் இல்லை. கம்பெனியும் வாங்குபவரும் மட்டும்தான். நேருக்கு நேராகத்தான் மறைத்தார்கள்.

ஒழிந்தது யார், வளர்ந்தது யார்?

இந்தத் தொழிலின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கு சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப் போனார். நவீன ட்ராவல் ஏஜென்டின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். ரயில் கம்பெனியிடம் தனியாகப் பேரம் பேச முடியாத சாதாரணர்களுக்காக மொத்தமாகப் பேரம் பேசியதுதான் அவர் செய்த வேலை. ஏஜென்ட் என்பவரின் ஆதி நியாயம் அதுவே.

அங்கிருந்து 1972 மார்ச்சுக்கு வருவோம். கார்னிவல் கம்பெனியின் முதல் கப்பல், ‘மார்டி கிரா’, மயாமியிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே மயாமி கடற்கரைக்கு எதிரே மணல்திட்டில் தட்டி நின்றது. ஏறத்தாழ ஒரு நாள் அப்படியே நின்றது. கப்பலில் இருந்தவர்களில் சுமார் 300 பேர் ட்ராவல் ஏஜென்டுகள். அன்று கம்பெனிக்கு அவர்கள்தான் தெய்வம். அவர்கள் ஊர் திரும்பி நாலு பேரிடம் நல்லதாகச் சொன்னால்தான் கப்பல் நிரம்பும். இன்று உலகின் மிகப்பெரிய கப்பல் குழுமமாக நிற்பதை, தெருமுனைக் கடைகளில் உட்கார்ந்து கோடிக்கணக்கான பயங்களுக்குப் பதில் சொன்ன இந்த மனிதர்கள்தான் வளர்த்துவிட்டார்கள். வளர்ந்தபின் கம்பெனி தன் தளத்தில் எழுதுகிறது: நேரடியாக எங்களிடமே வாருங்கள்.

விமானக் கம்பெனிகள் இதே பாதையில் முன்னால் போய்விட்டன. 1995 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெல்டா உள்நாட்டு டிக்கெட்டுக்கான கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தது. போய்வரும் டிக்கெட்டுக்கு 50 டாலருக்குமேல் இல்லை. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2002இல் அடிப்படைக் கமிஷனே இல்லை என்றாகிவிட்டது. ஆயிரக்கணக்கான சிறு கடைகள் மூடின. இடைத்தரகர் ஒழிந்தாரா? 1996இல் மைக்ரோசாஃப்டுக்குள் தொடங்கிய எக்ஸ்பீடியாவும், அதே ஆண்டு நெதர்லாந்தில் தொடங்கிய புக்கிங் டாட் காமும் இன்று என்னவாக இருக்கின்றன என்று பாருங்கள். முகம் தெரிந்த சின்ன இடைத்தரகர் போய், முகமற்ற ராட்சச இடைத்தரகர் வந்து உட்கார்ந்தார். விமானக் கம்பெனிகளோ பெட்டிக்கு, ஜன்னலோர இருக்கைக்கு, முன்னால் ஏறுவதற்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காசு வாங்கத் தொடங்கின. ‘நேரடி’யின் லாபம் யாருக்குப் போனது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தப்பு நடந்தால் யார் வீட்டுக் கதவு?

நான் ஏஜென்ட் பக்கம் நிற்பதற்கு முக்கியமான காரணம் விலை இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்படி புக் செய்தாலும் ஒன்றுதான். ஒழுங்காக நடக்காத நாளைப் பற்றித்தான் என் வாதம்.

2020இல் கொரோனா வந்து கப்பல்கள் நின்றபோது, கம்பெனிகள் பணத்தைத் திருப்பித் தருவதைவிட ‘அடுத்த பயணத்துக்கான வரவு’ என்ற சீட்டைத் தரவே ஆசைப்பட்டன. மும்பையிலிருந்து 2019இல் தொடங்கிய ஜலேஷ் க்ரூஸஸ் 2020 அக்டோபரில் மூடப்பட்டது. 2022 ஜனவரியில் கெண்டிங் ஹாங்காங் குழுமம் கவிழ்ந்தது. அதே மாதம் அந்தக் குழுமத்தின் ‘கிறிஸ்டல் சிம்ஃபனி’ மயாமிக்குத் திரும்ப வேண்டியது, எரிபொருள் பாக்கிக்காக அமெரிக்க நீதிமன்றம் கப்பலைச் சிறைபிடிக்க உத்தரவிட்டதால், பயணிகளோடு பஹாமாஸின் பிமினிக்குத் திரும்பிப் போனது. ஆளோடு கப்பல் ஓடி ஒளிந்த கதை. கடலில் இப்படியெல்லாம் நடக்கும்.

நடந்தால் என்ன செய்வீர்கள்? ‘நேரடி’ வாடிக்கையாளருக்கு ஒரு சாட்பாட் உண்டு. என் அத்தை மகன் பெற்றோருக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் தளத்தில் புக் செய்தான். பெயர் வேண்டாம். மாமாவுக்கு முழங்கால் அறுவைசிகிச்சை ஆகியிருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்று தளத்தின் குறிப்புப் பெட்டியில் எழுதினான். கிடைத்தது கப்பலின் பின்கோடியில். மூன்று வாரம் எழுதினான். ஒவ்வொரு முறையும் வேறொரு பெயர், அதே பதில்: உங்கள் கருத்துக்கு நன்றி. மாமா நான்கு நாளும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். "வேடிக்கை பார்க்கத்தானப்பா போனோம், ரூம்லயே இருந்துட்டு வந்தோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்று தனி அறைகள் உண்டு, எண்ணிக்கை குறைவு, தனிப் படிவம் உண்டு, சீக்கிரம் கேட்க வேண்டும். ஒழுங்கான ஏஜென்ட் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "கூட வர்றவங்களுக்கு வயசு என்ன, நடப்பாங்களா?" என்பதுதான்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷூட் தம்பதியர் 1986இல் தங்கள் ஊர் ஏஜென்ட் மூலம் கார்னிவல் கப்பலில் டிக்கெட் வாங்கினார்கள். மெக்ஸிகோ கரைக்கு அப்பால் சமையல்கூடத்தைச் சுற்றிக் காட்டியபோது மனைவி வழுக்கி விழுந்தார். தங்கள் ஊரில் வழக்குப் போட்டார்கள். பணம் கட்டிய பிறகு தபாலில் வந்த டிக்கெட்டில், எந்த வழக்கும் புளோரிடாவில்தான் போட வேண்டும் என்று அச்சடித்திருந்தது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், அந்தப் பொடி எழுத்தை மற்றவர்களும் பார்க்கட்டும் என்று டிக்கெட்டின் நகலையே தீர்ப்போடு இணைத்தார். அன்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்ததுதான் இன்று ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற சின்னக் கட்டமாக இருக்கிறது. நீங்கள் டிக் அடிக்கும் கணத்தில், உங்கள் வழக்கு எந்த நாட்டில், எந்த ஊரில் என்று யாரோ முடிவு செய்தாகிவிட்டது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் வசிக்கும் இடத்திலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. பஹாமாஸ் கொடி பறக்கும் கப்பலை, மயாமியில் இருக்கும் கம்பெனியை, செங்கல்பட்டுக்கு எப்படி வரவழைப்பீர்கள்? ரங்கநாதன் தெருவில் பெயர்ப்பலகை வைத்து, ஜிஎஸ்டி எண்ணோடு ரசீது கொடுத்தவரை வரவழைக்கலாம். அவர் ஓடினாலும் கடை இருக்கும். கடை இருப்பதால்தான் அவர் சுலபத்தில் ஓடமாட்டார். அந்த ரசீதில் இருக்கும் விலாசத்துக்குத்தான் நான் வக்காலத்து வாங்குகிறேன்.

ஏஜென்ட் ஒன்றும் புனிதர் இல்லை

இதுவரை படித்தவர், இவர் ஏதோ ட்ராவல்ஸ் சங்கத்தின் ஆள் போல என்று நினைக்கக்கூடும். இல்லை. தமிழில் ‘ஏஜென்ட்’ என்ற சொல் எவ்வளவு காயங்களோடு வருகிறது என்று எனக்குத் தெரியும். மலாயாவுக்கும் இலங்கைக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணியும் ஒரு இடைத்தரகர்தான். ஊர்க்காரர், சொந்தக்காரர், நம் மொழி பேசுபவர். அதனால்தான் நம்பினார்கள். வளைகுடா வேலைக்கு என்று நிலத்தை விற்றுக் கொடுத்த பணத்தோடு காணாமல் போனவரும் ஏஜென்ட்தான். ஈழத்தமிழில் ‘ஏஜென்சிக்காரன்’ என்று சொன்னால், எல்லைகளைத் தாண்ட உதவியவரும் நடுவழியில் கைவிட்டவரும் ஒரே சொல்லுக்குள் வந்து நிற்பார்கள். இந்தச் சமூகம் இடைத்தரகரைச் சந்தேகிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ட்ராவல்ஸ் கடைகளிலும் கோளாறு நிறைய. எந்தக் கப்பல் அதிகக் கமிஷன் தருகிறதோ அதையே நல்ல கப்பல் என்பார்கள். சைவச் சாப்பாடு உண்டா என்று கேட்டால் பார்க்காமலே உண்டு என்பார்கள். விமானம், விசா, கப்பல் எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கட்டி, உள்ளே எது எவ்வளவு என்று காட்டமாட்டார்கள். அவர் மூலம் புக் செய்துவிட்டால் கப்பல் கம்பெனி உங்களோடு பேசாது. "உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்" என்று அனுப்பிவிடும். அந்த ஏஜென்ட் போனை எடுக்காவிட்டால் நீங்கள் நடுக்கடல்தான். பெரிய பெயரும் காப்பாற்றாது. அந்தத் தாமஸ் குக்கின் பெயரைச் சுமந்த பிரிட்டிஷ் நிறுவனமே 2019 செப்டம்பர் 23 அன்று மூடியபோது, சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் நின்றார்கள்.

அரசும் தன் பங்குக்கு ஏஜென்டைத் தண்டிக்கிறது. 2023 அக்டோபரில் இந்திய ஏஜென்டிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்குமேல் 20 சதவீதம் வரியை முன்கூட்டியே பிடித்தார்கள். அதே ஆண்டில், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுத் தளத்துக்கு நேராகக் கட்டினால் அந்தப் பிடித்தம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். பிறகு விகிதங்கள் மாறின. வருமானவரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்பதும் உண்மை. ஆனால் உள்ளூர்க் கடைக்காரரிடம் வாங்குபவருக்கு அபராதம், மயாமிக்கு நேராகக் காசு அனுப்புபவருக்குச் சலுகை என்ற அந்த ஏற்பாட்டின் தர்க்கத்தை யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.

ஆக, ஏஜென்டின் குற்றங்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். அவருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. நம் எதிரே உட்கார்ந்து, நம்மை சார், மேடம் என்று அழைத்து, இன்னொருவருக்காக வேலை செய்கிறார். இதைத் தீர்க்க அவரை ஒழித்துவிட்டு அந்த இன்னொருவரிடமே நேராகப் போய் நிற்கச் சொல்வது என்ன வைத்தியம்? வக்கீல் எதிர்த்தரப்பிடம் பணம் வாங்குகிறார் என்று தெரிந்தால் நாம் எதிர்த்தரப்பையே வக்கீலாக வைத்துக்கொள்வதில்லை. வக்கீலுக்கு நாமே பீஸ் கொடுக்கிறோம்.

கப்பலின் இன்னொரு கதவு

இந்தக் கம்பெனிகளுக்கு இடைத்தரகர்கள் மேல் கொள்கை ரீதியான வெறுப்பு ஒன்றும் கிடையாது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பயணி ஏறும் கதவில் ‘நேரடி’ என்று எழுதியிருக்கும். பாத்திரம் கழுவுபவரும், படுக்கை விரிப்பவரும் ஏறும் கதவைப் பாருங்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரும் அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் ஆள்சேர்ப்பு ஏஜென்சிகள் வழியாகத்தான் வருகிறார்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலைக்குச் சேர்த்துவிட கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் கப்பல்துறை இயக்குநரகத்தின் உரிமம் இல்லாமல் ஆள் சேர்க்கக் கூடாது. இருந்தும் "க்ரூஸ்ல வேலை, மூணு லட்சம் ஆகும்" என்று நம் ஊர்ப் பையன்களிடம் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

பொறுப்பு தன்மேல் விழாமல் இருக்க இடைத்தரகர் தேவைப்படும் இடத்தில் அவரை வைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் பக்கம் நின்று கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் அவரை அகற்றுகிறார்கள். இதுதான் ‘நேரடி’யின் முழுப் படம். மேல்தளத்தில் நேரடி, கீழ்த்தளத்தில் ஏஜென்சி.

என்ன வேண்டும்

பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. மூன்று விஷயங்கள் கேட்கிறேன்.

ஒன்று, ஏஜென்ட் தன் கமிஷனை ரசீதில் எழுத வேண்டும். எந்தக் கம்பெனி, எவ்வளவு. எழுதினால் பேரமும் வெளிச்சத்தில் நடக்கும். இரண்டு, சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் ட்ராவல் ஏஜென்சி நடத்த முடியாது. அதற்கென்று சட்டம் இருக்கிறது. இங்கே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்வது. அது கட்டாயமாக வேண்டும். கடை மூடினால் பயணியின் முன்பணம் தப்பிக்க ஒரு வைப்புத்தொகையும் வேண்டும். மூன்றாவது நமக்கானது. நல்ல ஏஜென்டுக்குத் தனியாக ஆலோசனைக் கட்டணம் கொடுக்கப் பழக வேண்டும். அரை மணி நேரம் அவரிடம் எல்லாச் சந்தேகமும் கேட்டு, கேபின் எண் வரை எழுதிக்கொண்டு, வெளியே வந்து போனில் ‘நேரடி’யாக புக் செய்வது திருட்டு. அதை நாம் சாமர்த்தியம் என்று அழைப்பதால்தான் அவரும் கம்பெனியின் ஆளாகவே இருந்துவிடுகிறார்.

இணையம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. விலையை ஒப்பிடுங்கள். கேபின் வரைபடத்தைப் பாருங்கள். ரத்து விதிகளை நீங்களே ஒருமுறை படியுங்கள். அவசரப்பட்டு நேரடியாக புக் செய்துவிட்டாலும், முழுப் பணம் கட்டும் முன்பு, குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்த முன்பதிவை ஒரு ஏஜென்டுக்கு மாற்றப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. கம்பெனிகள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

அப்பா அம்மா அடுத்தமுறை ட்ராவல்ஸுக்குக் கிளம்பினால் கேலி செய்யாமல் கூடப் போங்கள். உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். "அண்ணே, இதுல உங்களுக்கு எவ்வளவு வருது? யார் தர்றாங்க? கப்பல் வரலன்னா நீங்க என்ன செய்வீங்க?" மூன்றாவது கேள்விக்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்பவரிடம் பணத்தைக் கட்டுங்கள். மழுப்பினால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போங்கள்.